பாப்பா காசு, என் காசு

நீண்ட பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாசியுங்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு வாய்த்த வேலை மனு எழுதுவது. திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். வாசலில் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பில் நான் கை வைப்பதில்லை. என்னிடம் வருகிறவர்கள் பழைய மாணவர்கள், அவர்களுடைய அம்மாக்கள், "சார் எழுதினா நிக்கும்" என்று நம்புகிறவர்கள். 34 ஆண்டுகள் இடைநிலை ஆசிரியராக இருந்தவனுக்குக் கையெழுத்துத்தானே சொத்து.

அப்படி வந்தவர்தான் நாகல் நகர்ப் பக்கத்து அம்மா ஒருவர். மகளுக்குப் பிறந்ததிலிருந்து மூளை முடக்குவாதம். தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும், ஊட்டித்தான் விட வேண்டும். மகள் பெயரில் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. மகளுக்கு 18 வயது முடிந்ததும் வங்கியில் ஒரு சிக்கல். அதற்குத்தான் மனு. (அது என்ன சிக்கல் என்று கடைசியில் சொல்கிறேன், பலருக்குப் பயன்படும்.) பையிலிருந்து இரண்டு வங்கிப் புத்தகங்களை எடுத்து வைத்தார். ஒன்று மகளுடையது. இன்னொன்று அவருடையது. அதில் 2023இலிருந்து மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் ஏறிக்கொண்டிருந்தது.

"சார், இது பாப்பா காசு. இது என் காசு. ரெண்டையும் நான் கலக்குறதில்ல."

பேருந்தில் வீடு திரும்பும் வரை அந்த "என் காசு" என்னை விடவில்லை. பதினெட்டு வருடமாக அந்தப் பிள்ளையைத் தூக்கிச் சுமந்தவர். அதற்காகத்தான் என்று யாரும் சொல்லிக் கொடுக்காவிட்டாலும், அவர் பெயருக்கு என்று அரசாங்கத்திடமிருந்து வந்த முதல் பணம் அது. அதற்கு முன் வந்ததெல்லாம் பாப்பாவுக்கு.

நோயாளியையும் முடியாதவரையும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவருக்கு நம் அரசாங்கங்கள் எப்போதாவது பணம் கொடுத்தனவா? கொடுத்திருந்தால் யார் பெயரில்? சில மாதங்களாகத் தேடிப் படித்ததை எழுதுகிறேன். சொந்தக் கதையும் இடையில் வரும். அதை மறைத்துவிட்டு எழுதினால் நேர்மையாக இருக்காது.

எங்கள் வீடு மலையடிவாரத்தில். அப்பா பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. பிள்ளைகள் மூன்று பேர்: அக்கா, நான், தம்பி. தம்பியை வீட்டில் சின்னவன் என்போம். அவனுக்கு மூளை வளர்ச்சி இல்லை. வயது ஏறியதே தவிர, நாலு வயதுப் பிள்ளைதான். வலிப்பும் உண்டு. அக்காவை இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள், இரண்டும் நின்றுபோயின. 'அம்மாவுக்குப் பிறகு சின்னவனை யார் பார்த்துக்குவா' என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரே பதில்தான் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 1990இல் அம்மாவைப் பக்கவாதம் படுக்கையில் போட்டது. ஆறு வருடம். அம்மாவையும் அக்காதான் பார்த்தாள்.

நான் காலை ஏழரைக்கு வேடசந்தூர் பேருந்தைப் பிடித்து, ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் அடுத்தவர் பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா பழக்கி, மாதச் சம்பளம் வாங்கினேன். என் மனைவி வந்த பிறகு சமையல் இரண்டாகப் பங்கானது. சின்னவனைக் குளிப்பாட்டுவதும், துணி மாற்றுவதும், வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் பிடிப்பதும் கடைசிவரை அக்கா கைதான்.

'பார்த்துக்கொள்வது' என்று தமிழில் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம் பாருங்கள்! திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது போல.

சரி, வரலாற்றுக்கு வருவோம். முதல் தடயம் நான் எதிர்பார்க்காத இடத்தில் கிடைத்தது.

தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாரிக்கொண்டு போன பஞ்சம். திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் ஒரு தாலுகா. அரசாங்கம் நிவாரண வேலை திறந்தது. கல் உடைக்கலாம், மண் சுமக்கலாம், கூலி உண்டு. அந்தக் கூலியையும் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி வந்து, ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று குறைத்தார். வரலாற்றுப் புத்தகங்களில் அதற்கு அவர் பெயராலேயே டெம்பிள் கூலி என்று பெயர். எலும்பும் தோலுமாக வந்தவன் அதைத் தின்றுவிட்டுக் கல் உடைக்க வேண்டும்.

பல லட்சம் பேர் செத்த பிறகு ஆணையம் போட்டார்கள். அது 1880இல் அறிக்கை தந்தது. 1883இல் பஞ்ச விதித் தொகுப்பு வந்தது, அதை வைத்து மாகாணங்கள் தங்கள் விதிகளை எழுதிக்கொண்டன. வேலை செய்யாமலே நிவாரணம் பெறத் தக்கவர்கள் யார் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. பார்வையற்றவர்கள், கை கால் முடங்கியவர்கள், மனநிலை சரியில்லாதவர்கள், முதுமையால் தளர்ந்தவர்கள். இவர்களோடு இன்னொரு வகையினரையும் சேர்த்திருக்கிறார்கள்: வீட்டில் நோயாளியையோ கைக்குழந்தையையோ கட்டாயம் உடனிருந்து கவனிக்க வேண்டியவர்கள்.

இதைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். 140 வருடத்துக்கு முன்னால், கருணைக்குப் பேர்போகாத ஒரு அரசாங்கத்தின் விதிப் புத்தகத்தில் என் அக்காவுக்கு ஒரு வரி இருந்திருக்கிறது. அவள் கல் உடைக்கப் போனால் வீட்டில் கிடப்பவர் செத்துவிடுவார், அதனால் இவளுக்கும் சேர்த்துப் படியளந்துவிடு என்ற கணக்குத்தான் அது. கணக்காகவே இருக்கட்டும். பார்த்துக்கொள்வதும் ஒரு வேலை, அதைச் செய்கிறவள் வேறு வேலைக்குப் போக முடியாது என்பதாவது அந்த அதிகாரிகளுக்குப் புரிந்திருக்கிறது. மழை பெய்து பஞ்சம் தீர்ந்தது என்று அறிவித்ததும் அந்தப் பட்டியலும் மூடப்படும். நல்ல காலத்தில் அவள் யாரோ.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் மாநிலம் செய்த பெரிய காரியம் முதியோர் உதவித்தொகை. உத்தரப் பிரதேசம் 1957இலேயே தொடங்கியிருந்தது. நம் மாநிலத்தில் காமராசர் ஆட்சியில், 1962 ஏப்ரல் 1 முதல். மாதம் 20 ரூபாய். பிறகு 1974இல் உடல் ஊனமுற்றோருக்கு, 1975இல் ஆதரவற்ற விதவைகளுக்கு, 1981இல் விவசாயத் தொழிலாளர்களுக்கு, 1986இல் கணவனால் கைவிடப்பட்டோருக்கு, 2008இல் 50 வயது தாண்டிய திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு என்று கிளை பிரிந்தது. தொகையும் நூறு, இருநூறு என்று மெல்ல ஏறி 2011இல் 1000 ஆனது, 2023இல் 1200. இந்தியாவில் பல மாநிலங்கள் யோசிக்காத காலத்தில் செய்தது. இதைக் குறைத்துச் சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் அந்தத் திட்டத்தின் அடித்தளத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. 'ஆதரவற்ற' என்ற சொல். வயது வந்த மகனோ பேரனோ இருந்தால் மனு நிற்காது. 1984இல் நான் பணியில் சேர்ந்த கிராமத்தில் தலைமையாசிரியர், புதிதாக வந்த என்னிடம்தான் இந்த மனுக்களைத் தள்ளிவிடுவார். எழுதி முடித்ததும் கிழவிகள் கேட்பது ஒரே கேள்வி: "சாமி, மகன் இருக்கான்னு எழுதிட்டீங்களா?" அந்த மகன் திருப்பூரிலோ கேரளத்திலோ கூலி வேலையில் இருப்பான். கிழவியைக் குளிக்க வைத்துக் கஞ்சி ஊற்றுவது மருமகள் அல்லது மகள். அவளைப் பற்றி அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் கிடையாது. அரசாங்கம் தேடியது மகனைத்தான். அவன் இருக்கிறான் என்றால் ஆதரவும் இருக்கிறது என்று முடிவுகட்டிவிடும். ஆதரவு என்ற பெயரில் நடு இராத்திரி எழுந்து மூத்திரத் துணி மாற்றுகிறவள் யார் என்று எந்த மணியக்காரரும் கேட்டதில்லை, அவருக்குப் பிறகு வந்த கிராம நிர்வாக அலுவலரும் கேட்டதில்லை.

2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் மீது கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கலாம். தேவையான சட்டம்தான். கவனிக்காத பிள்ளைக்கு உத்தரவு போட வழி செய்தார்கள். கவனிக்கிற பிள்ளைக்கு அதில் ஒன்றும் இல்லை.

நடுவில் 1982ஐ விட்டுவிடக் கூடாது. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பிள்ளைகளின் வயிறு நிறைந்ததைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் பள்ளியில் நான் பார்த்த இன்னொன்று: சத்துணவுக் கூடத்தில் வேலைக்கு வந்த பெண்கள். விதவைகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். எங்கள் பள்ளி ஆயாவும் அப்படி வந்தவர்தான். பதினொன்றரை மணிக்கு எங்கள் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு, அவர்கள் சாப்பிட்டதும் தன் ஊனமுற்ற மகனுக்கு ஊட்ட வீட்டுக்கு ஓடுவார். இங்கே ஊட்டியதற்கு மதிப்பூதியம். அங்கே ஊட்டியதற்கு ஒன்றுமில்லை. ஒரே கை, ஒரே சோறு. (மதிப்பூதியம் என்ற சொல்லே ஒரு தந்திரம். சம்பளம் என்று சொன்னால் சம்பளமாகக் கொடுக்க வேண்டி வரும். அங்கன்வாடிப் பணியாளர்கள் இன்றுவரை இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டுகிறார்கள். அது தனிப் பதிவு.)

இனி என் கணக்குக்கு வருகிறேன்.

சின்னவனுக்கு நாங்கள் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவில்லை. வாத்தியார் சம்பளம் வருகிறதே, ஏழைபாழைக்குப் போகட்டும் என்றுதான் சொல்லிக்கொண்டேன். அதில் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு பிப்ரவரி மாதமும் நாங்கள் ஆசிரியர்கள் வருமான வரிப் படிவம் நிரப்புவோம் அல்லவா? உடன் பணியாற்றிய ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது: 80டிடி என்று ஒரு பிரிவு இருக்கிறது. நம்மைச் சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளி மகனோ, மனைவியோ, பெற்றோரோ, உடன்பிறந்தவரோ இருந்தால், அவரைப் பராமரிப்பதற்காக வருமானத்தில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளலாம். முன்பு 50,000. 2015–16 நிதியாண்டிலிருந்து 75,000. குறைபாடு 80 விழுக்காட்டுக்கு மேல் என்றால் 1,25,000. மருத்துவச் சான்றிதழை இணைத்தேன், வருடா வருடம் கழித்தேன்.

இதில் சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். தம்பியைப் பராமரிப்பதற்கு அரசாங்கம் எங்கள் வீட்டுக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. அதை வாங்கியவன் நான். பராமரித்தவள் அக்கா. என் வரிப் படிவத்தில் தம்பி பெயர் இருந்தது, மருத்துவர் பெயர் இருந்தது, என் கையெழுத்து இருந்தது. அக்கா பெயர் ஒரு மூலையிலும் இல்லை. வரி கட்டுமளவுக்குச் சம்பளம் வாங்குகிறவனுக்குத்தான் இந்தப் பிரிவு. நாகல் நகர் அம்மாவுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, தெரிந்தாலும் பயன் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் நாங்கள்தானே போகிறோம். 2001இல் எங்கள் தெருவுக்கு வந்தவர் என்னோடு பயிற்சிப் பள்ளியில் படித்த நண்பர். "அக்கா என்ன பண்றாங்க?" என்றார். "வீட்டு வேலைதான், எழுதிக்குங்க" என்றேன். அவர் வேலை செய்யாதவர் என்ற பிரிவில் குறித்துக்கொண்டார். உள்ளே அக்கா சின்னவனுக்கு ரசம் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். அதே 2001 கணக்கெடுப்பைப் பற்றித்தான் 2010இல் உச்ச நீதிமன்றம் கேட்டது: இல்லத்தரசிகளைப் பிச்சை எடுப்பவர்களோடும் சிறைக் கைதிகளோடும் ஒரே வரிசையில் வைப்பது எப்படி நியாயம் என்று. விபத்தில் இறந்த ஒரு பெண்ணுக்கு இழப்பீடு எவ்வளவு என்ற வழக்கு அது. அதற்கு முந்தைய ஆண்டே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் இதே போன்ற வழக்கில் வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு மதிப்பு உண்டு என்று விரிவாக எழுதியிருந்தார். பெண் செய்த வேலைக்கு விலை என்ன என்று நம் நீதிமன்றங்கள் கணக்குப் போட ஆரம்பித்தது அவள் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகுதான்.

அக்காவைப் போன்றவர்கள் உலகத்தில் வேறெங்கும் இல்லையா, அங்கே என்ன செய்தார்கள் என்று தேடியபோது இங்கிலாந்தில் ஒரு பெயர் கிடைத்தது: மேரி வெப்ஸ்டர். கிறித்தவ சபை ஒன்றில் போதகராக இருந்தவர். திருமணம் ஆகவில்லை. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர். 1963இல், தன்னைப் போல் திருமணமாகாமல் வீட்டில் பெற்றோரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களின் நிலையைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதினார். கடிதங்கள் குவிந்தன. ஒவ்வொரு ஊரிலும் ஒரு அக்கா இருந்திருக்கிறாள். 1965இல் அவர்களுக்காக ஒரு சங்கம் அமைந்தது. மேரி வெப்ஸ்டர் 1969இலேயே இறந்துவிட்டார். அவர் இறந்த பிறகு, 1976இல், உலகத்துக்கே முன்மாதிரி என்று சொல்லத்தக்க ஒரு உதவித்தொகை அங்கே வந்தது. வாரத்துக்கு 35 மணி நேரமாவது ஒருவரைப் பராமரிப்பவருக்கு, அவர் பெயரிலேயே பணம்.

அதிலும் ஒரு ஓட்டை வைத்தார்கள். திருமணமான பெண்களுக்குக் கிடையாது! அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருக்கப்போகிறார்கள் என்பது காரணம். நம் ஊர் டீக்கடையில் சொல்வார்களே, "வீட்ல சும்மாதான இருக்கா", அதையேதான் லண்டனில் சட்டமாக எழுதியிருக்கிறார்கள். ஜாக்குலின் டிரேக் என்ற திருமணமான பெண் தன் தாயைப் பார்த்துக்கொள்ள 1984இல் வேலையை விட்டார், உதவித்தொகை மறுக்கப்பட்டது, வழக்குப் போட்டார். அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1986 ஜூன் 24 அன்று தீர்ப்பு வரவிருந்தது. முந்தின நாளே பிரிட்டிஷ் அரசு, திருமணமான பெண்களுக்கும் தருகிறோம் என்று அறிவித்துவிட்டது. தோற்கப்போவது தெரிந்த பிறகு வரும் பெருந்தன்மை எல்லா நாட்டு அரசுக்கும் பொது. தீர்ப்பும் டிரேக் பக்கம்தான் வந்தது.

ஜெர்மனியில் 1995இல் வந்த பராமரிப்புக் காப்பீடு இன்னொரு படி மேலே போனது. வீட்டில் உறவினரைப் பராமரிப்பவருக்காக ஓய்வூதிய நிதியில் சந்தா கட்டப்படுகிறது. அதாவது அம்மாவைப் பார்த்துக்கொண்ட வருடங்களும் வேலை பார்த்த வருடங்களாகக் கணக்கில் சேரும். எனக்கு 34 வருடம் சர்வீஸ். அந்தக் கணக்கில் அக்காவின் சர்வீஸ் என்னைவிட அதிகம்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கொடைக்கானல் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் கேரளம். அங்கே 2010இல் ஆசுவாசகிரணம் என்ற திட்டம் தொடங்கியது. படுக்கையிலேயே கிடப்பவர்களையும் கடுமையான மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களையும் வீட்டிலிருந்து பார்த்துக்கொள்கிறவருக்கு மாதம் ஒரு தொகை. பிறகு அது 600 ரூபாய் ஆனது. 600 ரூபாயில் என்ன வரும் என்று கேட்பீர்கள். வயது வந்தவருக்கான டயப்பர் பொட்டலம் ஒன்றிரண்டு வரும். பணம் பாக்கி நிற்கிறது என்றும் அடிக்கடி செய்தி வரும். ஆனாலும் நம் பக்கத்தில் பார்த்துக்கொள்கிறவரைத் தனியாக ஒரு ஆளாக எண்ணி ஒரு திட்டம் போட்டது அவர்கள்.

அதன் பிறகு மத்தியச் சட்டம். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'பராமரிப்பாளர்' என்பதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். பெற்றோர் உள்ளிட்ட குடும்பத்தினர் உட்பட, ஊதியம் பெற்றோ பெறாமலோ ஒரு மாற்றுத்திறனாளியைக் கவனித்து உதவுகிற எவரும் பராமரிப்பாளர். பெறாமலோ! சட்டத்தில் அந்த ஒரு சொல்லைச் சேர்க்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி தர அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் 24ஆம் பிரிவு சொல்கிறது. கூடவே, பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற வால். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு எத்தனை வருடம் வேண்டுமானாலும் ஓட்டலாம். இங்கும் படி என்பது முடியாதவர் பெயருக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது, பார்க்கிறவர் பெயருக்கு இல்லை.

தமிழில் 'பராமரிப்பு உதவித்தொகை' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு என்றால் ஜீவனாம்சமும் ஆகும், கவனிப்பும் ஆகும். கோப்பில் அது முதல் பொருளில்தான் இருக்கிறது: முடியாதவரின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும். படிக்கிற அம்மாக்கள் இரண்டாவது பொருளில் எடுத்துக்கொண்டு, நமக்கும் ஏதோ கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். அதில் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை என்பது, முடியாதவர் இறந்த மறுமாதம் தெரியும். பணம் நின்றுவிடும். இருபது வருடம் முப்பது வருடம் வேறு எந்த வேலைக்கும் போகாமல் இருந்தவர், ஐம்பது அறுபது வயதில், ஒரே நாளில் பிள்ளையையும் இழந்து, வீட்டுக்கு வந்த ஒரே நிரந்தர வருமானத்தையும் இழந்து நிற்பார். நான் எழுதிய மனுக்களில் மிகவும் கஷ்டமானவை அவைதான். என்ன தலைப்பில் எழுதுவது?

2023 செப்டம்பர் 15. அண்ணா பிறந்த நாள். நம் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிறந்ததும் 1985இல் இதே தேதியில்தான். அன்று காஞ்சிபுரத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கிவைத்தார். ஏறக்குறைய 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். அரசியல் பேச இந்தப் பதிவு இல்லை. தேர்தல் வாக்குறுதி, தாமதம், விடுபட்டவர்கள் என்று பேசுவதற்கு நிறைய இருக்கிறது, பேசியும் ஆயிற்று. நான் பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று, பெயர். உதவித்தொகை என்று வைக்காமல் உரிமைத் தொகை என்றார்கள், பெண்கள் வீட்டில் கூலியில்லாமல் செய்யும் உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசே காரணமும் சொன்னது. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதாக வந்தது. (அந்த 97இல் என் பங்கைக் கேட்காதீர்கள்.) அதே 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்திருந்தார்.

இரண்டாவது, நிபந்தனைகள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள். ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண். குடும்பத் தலைவர் ஆண் என்றால் அவர் மனைவி. அரசு ஊழியர், ஓய்வூதியர் வீடுகளுக்குக் கிடையாது. உதவித்தொகை பெறுவோர் வீடுகளை முதலில் ஒதுக்கியிருந்தாலும், கடும் குறைபாடு உள்ளவர்கள் இருக்கும் குடும்பங்களுக்கு விலக்குத் தந்தார்கள். நாகல் நகர் அம்மாவின் புத்தகத்தில் 1000 ரூபாய் ஏறியது அதனால்தான்.

அக்காவுக்கு? சின்னவன் 2021 ஆவணியில் போய்விட்டான். ஐம்பத்தைந்து வயது. காரியம் முடிந்த மறுநாள் காலை நாலரை மணிக்கு அக்கா எழுந்து வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு அப்போது 67 வயது. விதவை இல்லை, கைவிடப்பட்டவள் இல்லை. திருமணமாகாதவள், ஆனால் என் குடும்ப அட்டையில் இருப்பதால் ஏழை இல்லை. நான் இருப்பதால் ஆதரவற்றவள் இல்லை. நான் ஓய்வூதியன் என்பதால் உரிமைத் தொகையும் இல்லை. அட்டைக்குத் தலைவி என் மனைவி. எங்களுக்கு அரசு தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் ஓய்வூதியம் மூன்று பேர் சாப்பிடப் போதும். ஆனால் அக்கா ஒரு முழம் பூ வாங்க வேண்டும் என்றாலும் என்னிடமோ என் மனைவியிடமோ கேட்க வேண்டும். அவள் கேட்க மாட்டாள்.

நாகல் நகர் அம்மா வந்துபோன வாரம், பழைய வரிப் படிவ நகல்களை எடுத்து உட்கார்ந்தேன். தம்பி பெயரைச் சொல்லி நான் மிச்சம்பிடித்த வரியைக் கூட்டினேன். தொண்ணூறாயிரத்துக்குப் பக்கத்தில் வந்தது. அக்காவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய் அவள் பெயரில் கணக்குத் தொடங்கி அதைப் போட்டேன். மனைவிக்குச் சொல்லிவிட்டுத்தான்.

படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம். கவுன்ட்டரில் இருந்த பையன் நிமிர்ந்து, "பாட்டி என்ன வேலை பார்த்தாங்க சார்?" என்றான். நான் 2001இல் சொன்ன அதே பதில் வாய்வரை வந்தது. அதற்குள் அக்கா, "ரிட்டையர்டுன்னு போடுப்பா" என்றாள். பையன் சிரித்துக்கொண்டே எதையோ தட்டினான். எதை என்று நான் பார்க்கவில்லை.

இப்போது அந்த வங்கிச் சிக்கல். மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். பிள்ளைக்கு 18 வயது முடிந்தால், பெற்ற தாயானாலும் சட்டப்படி காப்பாளர் இல்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டபூர்வ காப்பாளர் சான்றிதழ் வாங்க வேண்டும். வங்கியில் கேட்பது அதைத்தான். பிள்ளைக்குப் பதினெட்டு நெருங்கும்போதே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்டு, மருத்துவச் சான்று, ஆதார், குடும்ப அட்டை நகல்களைத் தயாராக வைத்துக்கொண்டால் பணம் நடுவில் தடைபடாது. திண்டுக்கல் பக்கம் எழுத ஆள் இல்லாதவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலகத்தில்தான் இருப்பேன். அந்த அம்மாவின் மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை.